கடன்பட்ட நீதிபதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அரசியல் சாசனம் உருவான கதையைப் பற்றி நீங்கள் எழுதியபோது, ஜேம்ஸ் வில்சன் என்பவரைப் போகிற போக்கில் குறிப்பிட்டு, அந்த அறையில் இருந்த முதல் இரண்டு மூளைகளில் ஒன்று அவருடையது என்று சொல்லியிருந்தீர்கள். நான் சட்டக் கல்லூரி மாணவன். அந்தப் பெயரை எங்கள் வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆர்வத்தில் தேடிப் பார்த்தேன். உச்ச நீதிமன்றத்தின் முதல் ஆறு நீதிபதிகளில் ஒருவர், பதவியில் இருக்கும்போதே கடனுக்காகச் சிறைக்குப் போனார் என்று இருக்கிறது. இது உண்மைதானா? உண்மை என்றால் அவரை ஏன் யாரும் பதவியிலிருந்து நீக்கவில்லை? ஒரு நீதிபதியைக் கைது செய்ய முடிகிற அளவுக்கா அந்த நீதிமன்றம் இருந்தது?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவர் சட்டத்தைப் பற்றிச் சொன்னதை நாம் ஏன் மதிக்க வேண்டும்? நீங்கள் அவரைக் கொஞ்சம் தாராளமாகவே புகழ்ந்துவிட்டீர்களோ என்று படுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ர.,
தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீங்கள் படித்தது உண்மைதான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை உள்ளே போனார். 1797ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பர்லிங்டனில் ஒரு சிறிய கடனுக்காகப் பிடித்து வைத்தார்கள். மகன் பணம் கட்டி மீட்டார். அடுத்த வருடம் வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சின்னத் துறைமுக ஊரில் மறுபடியும். இந்த முறை கடன் சிறியதல்ல, 1,97,000 டாலர். கைது செய்ய வைத்தவர் பியர்ஸ் பட்லர். 1787ல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது வில்சனுடன் அதே அறையில் இருந்து, அதே ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அப்போது வருடச் சம்பளம் 3,500 டாலர். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் பட்லரின் கடனை மட்டும் அடைக்க 56 வருடம் ஆகும்.

நீதிபதியைக் கைது செய்ய முடிகிற அளவுக்கா நீதிமன்றம் இருந்தது என்கிறீர்கள். ஆமாம், அந்த அளவுக்குத்தான் இருந்தது. இன்று வாஷிங்டனில் இருக்கும் பளிங்குக் கட்டடத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். 1790 பிப்ரவரி 1ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு வணிகக் கட்டடத்தின் மாடியில் உச்ச நீதிமன்றம் முதன்முதலாகக் கூடியது. கீழே திறந்தவெளிச் சந்தை. ஆறு பேர் இருக்க வேண்டிய நீதிமன்றத்துக்கு அன்று வந்தவர்கள் மூன்றே பேர்: தலைமை நீதிபதி ஜான் ஜே, வில்லியம் குஷிங், வில்சன். நான்கு பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பதால் மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் நாலாவது ஆள் வந்து சேர்ந்தார். ஆனால் விசாரிக்க வழக்கு ஒன்றுகூட இல்லை.

அவர்களுடைய உண்மையான வேலை சாலையில் இருந்தது. 1789ஆம் வருடச் சட்டப்படி நாட்டை மூன்று சுற்றுகளாகப் பிரித்து, நீதிபதிகளே ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்க வேண்டும். குதிரை வண்டி, குண்டும் குழியுமான பாதை, பாலமில்லாத ஆறு, இரவு தங்கக் கிடைக்கும் விடுதியில் முன்பின் தெரியாதவரோடு ஒரே கட்டில். தெற்குச் சுற்று ஏறக்குறைய 1,900 மைல். அது தலையில் விழுந்த ஜேம்ஸ் அயர்டெல், தபால் பையன் பிழைப்பாகிவிட்டது என் பிழைப்பு என்று எழுதியே புலம்பினார். ஜான் ரட்லெட்ஜ் 1791ல் இந்தப் பதவியை விட்டுவிட்டுத் தன் மாநிலத்து நீதிமன்றமே மேல் என்று போய்விட்டார். ஜான் ஜே 1795ல் நியூயார்க் மாநில கவர்னரானார். 1800ல் மறுபடியும் தலைமை நீதிபதி ஆகச் சொல்லிக் கேட்டபோது, அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் கிடையாது, மதிப்பும் கிடையாது என்ற பொருளில் பதில் எழுதி மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர்தான் ஜான் மார்ஷல். உங்கள் பாடப்புத்தகம் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆனால் வில்சன் இந்தப் பதவியைக் கேட்டு வாங்கினார். 1789 ஏப்ரலில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவரே கடிதம் எழுதி, தலைமை நீதிபதி பதவியைத் தரும்படி கேட்டார். அந்தக் காலத்தில் கனவான்கள் பதவியைக் கேட்கமாட்டார்கள், தேடி வர வேண்டும். வாஷிங்டன் பட்டும் படாமல் பதில் எழுதிவிட்டு ஜேவைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். வில்சனுக்கு ஆறில் ஓர் இடம் கிடைத்தது.

கேட்கத் தகுதி இருந்ததா என்றால், இருந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் 1742ல் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்துவிட்டு 1765ல் பிலடெல்பியா வந்து, ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குக் காலனிகள் மேல் எந்த அதிகாரமும் இல்லை என்று 1774லேயே அச்சிட்டுச் சொன்னார். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர். 1787 மாநாட்டில் அவரைவிட அதிகம் பேசியவர் கவர்னர் மாரிஸ் ஒருவர்தான். (கவர்னர் என்பது அந்த ஆளின் பெயர், பதவியல்ல.) கடைசி நாள் தள்ளாத வயதில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினின் உரையை எழுந்து நின்று வாசித்ததும் வில்சன்தான்.

அந்த மாநாட்டில் அவர் கேட்டதைப் பாருங்கள். கீழவையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலவையையும் அப்படியே. ஜனாதிபதி ஒரே ஆளாக இருக்க வேண்டும், அவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மக்கள் என்றாலே வயிற்றைக் கலக்கியது. கீழவை மட்டும் கிடைத்தது. மேலவைக்கு நேரடித் தேர்தல் வர 1913 ஆயிற்று. ஜனாதிபதிக்கு இன்றுவரை வரவில்லை. நேரடித் தேர்தல் எடுபடவில்லை என்று கண்டதும், இடையில் தேர்வாளர்கள் என்று சிலரை வைத்து அவர்கள் மூலம் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் யோசனையை முன்வைத்தவரும் அவரே. அதை வைத்துக்கொண்டுதான் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

என் புகழ்ச்சி தாராளம் என்றீர்களே, அதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் கடனை விடக் கனமான ஒன்று இருக்கிறது. 1787 ஜூன் 11ஆம் தேதி, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகக் கணக்கிட்டு மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கலாம் என்ற யோசனையை முன்மொழிந்தவர் இதே வில்சன். தென் மாநிலங்களை உடன் வைத்துக்கொள்ளச் செய்த பேரம். மக்களே எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொன்ன வாயால்தான் இதையும் சொன்னார். இதை அவருக்கு நான் தள்ளுபடி செய்யப்போவதில்லை.

மக்களும் அவரை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. 1779ல் பிலடெல்பியாவில் விலைவாசி தறிகெட்டு ஏறியிருந்த நேரம். ராஜத்துரோக வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவர், வியாபாரிகளின் நண்பர் என்ற கோபத்தில் அக்டோபர் 4ஆம் தேதி ஆயுதம் தாங்கிய கூட்டம் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நண்பர்கள் உள்ளே துப்பாக்கியோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சுட்டு, இரண்டு பக்கமும் ஆள் செத்தது. குதிரைப்படை வந்துதான் காப்பாற்றியது. வில்சன் சில நாட்கள் ஊரை விட்டே விலகியிருக்க வேண்டியிருந்தது. ஊரார் அந்த வீட்டுக்கு 'வில்சன் கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, நீதிபதியாக என்ன செய்தார்? 1792ல், ஊனமுற்ற போர்வீரர்களின் ஓய்வூதிய மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையை நாடாளுமன்றம் நீதிபதிகள் தலையில் கட்டியது. நீதிபதிகள் சொல்வதை ஓர் அமைச்சர் மாற்றலாம் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. இது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று வில்சனும் உடனிருந்த இருவரும் செய்ய மறுத்து, ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாது என்று சொன்ன, மார்ஷலின் புகழ்பெற்ற மார்பரி வழக்குக்குப் பதினோரு வருடம் முன்பு நடந்தது இது. உங்கள் பேராசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அவர் பெயரைச் சொல்லும் தீர்ப்பு 1793 பிப்ரவரியில் வந்த சிஸ்ஹோம் எதிர் ஜார்ஜியா. உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராபர்ட் ஃபார்க்கர் என்று தென் கரோலினாவில் ஒரு வியாபாரி. 1777ல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஜார்ஜியா மாநிலத்துக்கு ஏறக்குறைய 1,70,000 டாலர் மதிப்புள்ள சரக்கு கொடுத்தார். பணம் வரவில்லை. கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய சொத்தை நிர்வகித்த அலெக்சாண்டர் சிஸ்ஹோம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஜார்ஜியா ஆஜராகவே இல்லை. நான் ஒரு தனி அரசு, என்னை எந்தத் தனிமனிதனும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, அவ்வளவுதான் என்றது.

அப்போதெல்லாம் நீதிபதிகள் தனித்தனியே தீர்ப்பு வாசிப்பார்கள். நான்கு பேர் சிஸ்ஹோம் பக்கம், அயர்டெல் மட்டும் மாறுபட்டார். வில்சனின் தீர்ப்பு நீளமானது. சிசரோ வருகிறார், ஹோமர் வருகிறார், எப்போது வழக்குக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டும். வந்ததும் சொல்வது இதுதான்: மாநிலமும் ஒரு வியாபாரியைப் போலத்தான் ஒப்பந்தம் போடுகிறது. நாணயமில்லாத வியாபாரி வேண்டுமென்றே கடனைக் கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். நாணயமில்லாத மாநிலம் மட்டும், கடன் கொடுத்தவன் கேட்கும்போது, சட்டென்று உருவத்தை மாற்றிக்கொண்டு நான் இறையாண்மை படைத்தவன் என்று சொல்லி அவனையும் நீதியையும் அவமதிக்கலாமா? கூடாது. மக்களுக்கு மேலே மாநிலம் என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. தனி மனிதனைக் கட்டுப்படுத்துவது மனிதர்கள் கூடி உண்டாக்கிய அமைப்பையும் கட்டுப்படுத்தும்.

ஜார்ஜியா கொதித்துப்போனது. இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்று அந்த மாநிலத்தின் கீழவை மசோதாவே நிறைவேற்றியது. போர்க்காலக் கடன் எல்லா மாநிலங்களுக்கும் இருந்ததால் மற்றவர்களும் அரண்டார்கள். 1795 பிப்ரவரிக்குள் அரசியல் சாசனத்தையே திருத்தி, வேறு மாநிலத்துக்காரன் ஒரு மாநிலத்தின் மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று எழுதிவிட்டார்கள். பதினோராவது திருத்தம். உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பைக் கவிழ்க்கவே சாசனத்தைத் திருத்தியது அதுதான் முதல் முறை.

தீர்ப்பு வந்து நான்கே வருடத்தில், கடன் கொடுத்தவனுக்கு முகம் காட்டாமல் ஓடியவர் அதை எழுதியவர். நீங்கள் சொல்லும் இரட்டை வேடம் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

எப்படி விழுந்தார்? நிலம். பென்சில்வேனியாவிலும் மற்ற இடங்களிலும் காட்டு நிலத்தை ஏக்கர் கணக்கில் அல்ல, லட்சம் ஏக்கர் கணக்கில் கடனுக்கு வாங்கிப் போட்டார். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வருவார்கள், பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்பது கணக்கு. ஒரு நிலத்தைக் காட்டிக் கடன், அந்தக் கடனில் அடுத்த நிலம். நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஐரோப்பாவில் பிரான்சோடு போர் மூண்டது, எதிர்பார்த்த ஆட்களும் வரவில்லை, பணமும் வரவில்லை. 1797 பிப்ரவரியில் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியதும் அட்லாண்டிக்குக்கு மறுபக்கம் அமெரிக்காவிலும் கடன் சங்கிலி அறுந்தது. வில்சன் மட்டும் விழவில்லை. புரட்சிப் போருக்கே பணம் திரட்டிக் கொடுத்த ராபர்ட் மாரிஸ் மூன்றரை வருடம் கடனாளிச் சிறையில் கிடந்தார்.

இங்கே ஒரு சட்ட விஷயம். திவால் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று சாசனத்தில் எழுதியிருந்தது. ஆனால் முதல் சட்டம் வந்தது 1800ல். அதுவரை நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு நிமிர்வதுபோல் நிமிர அங்கே நாடு முழுமைக்குமான வழி இல்லை. கடன் கொடுத்தவர் வாரண்ட் வாங்கினால் ஆளையே பிடித்து அடைக்கலாம், பாக்கியைத் தீர்க்கும்வரை. இது குற்றவழக்கு அல்ல, சிவில் நடவடிக்கை. நீதிபதிக்கு விலக்கு எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்க வேண்டிய ஆள், எந்த ஊர் ஷெரிஃப் கையில் வாரண்ட் இருக்குமோ என்று பயந்து வேலைக்கே போகவில்லை.

நீக்குவதற்குக் கண்டனத் தீர்மானம் ஒன்றுதான் வழி. அந்த முறையில் பதவி இழந்த முதல் கூட்டாட்சி நீதிபதி ஜான் பிக்கரிங், அதுவும் 1804ல்தான். உச்ச நீதிமன்றத்தில் கண்டனத் தீர்மானத்தைச் சந்தித்தவர் இன்றுவரை சாமுவேல் சேஸ் ஒருவரே, அவரும் 1805ல் தப்பிவிட்டார். வில்சன் விஷயத்தில் நாடாளுமன்றம் அந்த வேலையில் இறங்கவே இல்லை. அவராக ராஜினாமா செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் எஞ்சவில்லை என்பது காரணமாக இருக்கலாம். மனிதராக எனக்கு இரக்கம் வருகிறது. நீதிபதியாக அவர் செய்தது தவறு.

ஈடன்டன் அயர்டெலின் சொந்த ஊர். சிஸ்ஹோம் வழக்கில் மாறுபட்ட அதே அயர்டெல். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறையில் வில்சனும் அவருடைய இரண்டாவது மனைவி ஹன்னாவும் தங்கியிருந்தார்கள். ஹன்னாவைச் சுற்றுப்பயணத்தில் பாஸ்டன் போனபோது பார்த்து 1793ல் மணந்தார். அவருக்கு 51 வயது, அந்தப் பெண்ணுக்கு 19. ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் ஈடன்டனுக்கு வரவில்லை, அந்தப் பெண் வந்தாள். சிறையிலிருந்து வெளியே வந்த கோடையில் அவருக்கு மலேரியா, பிறகு பக்கவாதம். வேட்டையில் துரத்தப்படும் விலங்கு மாதிரி என்னைத் துரத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார். 1798 ஆகஸ்ட் 21ல் இறந்தபோது, அயர்டெலின் மைத்துனர் குடும்பத்துக் கல்லறை நிலத்தில் இடம் கொடுத்துப் புதைத்தார்கள். 1906ல்தான் எச்சங்களைக் கடற்படைக் கப்பலில் பிலடெல்பியாவுக்கு எடுத்துப் போனார்கள். (அந்த விடுதியை நடத்திய ஹார்னிப்ளோ குடும்பத்துக்கு உடைமையாக இருந்த ஒரு பெண்ணுக்கு 1813ல் ஒரு மகள் பிறந்தாள், ஹாரியட் ஜேக்கப்ஸ். பின்னாளில் தப்பித்து, தன் அடிமை வாழ்வைத் தானே எழுதியவர். ஐந்தில் மூன்று என்று கணக்குப் போட்டவர் கடைசியில் படுத்துக் கிடந்த இடம் அது.)

அப்படியானால் அவர் சொன்னதை ஏன் மதிக்க வேண்டும்? நான் ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது அதிலுள்ள வாதம் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கடன் வாங்கிய அரசு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற வாதம் எனக்கு நிற்கிறது. அதை எழுதியவர் அதே விதிக்குத் தானும் உட்பட்டார், விரும்பியோ விரும்பாமலோ: வியாபாரி கொடுக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றார், இழுத்தார்கள்.

நான் அவரை மன்னிக்காதது வேறு விஷயத்துக்கு. நீங்கள் தேடியதில் அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது. 1795 ஜனவரியில் ஜார்ஜியா சட்டமன்றம் யாசூ நிலங்கள் எனப்பட்ட 3.5 கோடி ஏக்கரை வெறும் 5 லட்சம் டாலருக்குச் சில கம்பெனிகளுக்கு விற்றது. ஏக்கருக்கு ஒன்றரை சென்ட்கூட இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வாரி இறைத்திருந்தார்கள். அதில் ஒரு கம்பெனியில் 7.5 லட்சம் ஏக்கருக்கான பங்கு வில்சனிடம் இருந்தது. பதவியில் இருக்கும் நீதிபதி, நாளை தன் முன்னாலேயே வழக்காக வரக்கூடிய பேரத்தில் பங்காளி! கடனில் விழுவது துரதிர்ஷ்டம் என்றாவது சொல்லலாம், இதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அடுத்த வருடமே ஜார்ஜியா அந்த விற்பனையை ரத்து செய்து, சட்டத்தின் பிரதியைப் பொதுவில் கொளுத்தியது. பணம் போட்டவர்கள் ஜார்ஜியா மேல் நேரடியாக வழக்குப் போட முடிந்ததா? முடியவில்லை. பதினோராவது திருத்தம் குறுக்கே நின்றது. வில்சனின் தீர்ப்பை அழிக்க வந்த திருத்தம் அவருடைய முதலீட்டையும் சேர்த்து அழித்துவிட்டது.

அவருடைய இடத்துக்கு வந்தவர் புஷ்ராட் வாஷிங்டன், முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன். இளம் வயதில் வில்சனிடமே சட்டம் படித்தவர். 31 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். சேர்ந்த சில வருடங்களில் மார்ஷல் தலைமையில் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் வந்துவிட்டதால், ஆளுக்கொரு தீர்ப்பு வாசித்த அந்தப் பழைய நீதிமன்றம் மறந்துபோயிற்று. அதோடு வில்சனும்.

தேர்வுக்கு இதெல்லாம் வராது. ஆனாலும் சிஸ்ஹோம் வழக்கைப் படிப்பதென்றால் அயர்டெலின் மாறுபட்ட தீர்ப்பை முதலில் படியுங்கள். வறண்ட எழுத்து, ஆனால் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போவார். அப்புறம் வில்சனுக்கு வாருங்கள். யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் அயர்டெல் பக்கம் நிற்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்